பறவைகளுக்குக் கணக்கெழுதியவர்: சாலிம் அலி

சங்க இலக்கியம் பயில்வோர் யாவரும் ஒரு கட்டத்தில் எழுப்பும் வினா ஒன்றுண்டு: அன்றில் என்பது எந்தப் பறவை? அது பனையில் இணையோடு வாழ்வது. துணையைப் பிரிந்தால் தரியாதது. அதன் குரல் தனித்திருப்போரை வருத்துவது. இவையெல்லாம் நாம் அறிந்தவை. ஆயினும் இன்று வானில் செல்லும் ஒரு பறவையைச் சுட்டி, இதுவே அன்றில் என்று சொல்வதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. அரிவாள் மூக்கனே அன்றில் என்பார் உளர். அதை மறுப்பாரும் உளர். நம் புலவர்கள் பறவையின் தன்மையை எழுதி வைத்தார்கள். எந்த ஊரில், எந்தத் திங்களில், எத்தனை பறவைகள் இருந்தன என்று எழுதி வைப்பது அவர்கள் வேலையன்று. ஆகவே ஈராயிரம் ஆண்டுகளில் அன்றில் குறைந்ததா, மறைந்ததா, பெயர் மட்டும் மாறி நம்மிடையே வாழ்கிறதா என்பதை நாம் அறிய வழியில்லை.

ஓர் உயிரினம் அழிகிறது என்று சொல்வதற்கு, அது முன்னர் எவ்வளவு இருந்தது என்று உண்மையாக எழுதி வைத்தவர் ஒருவர் வேண்டும். இந்தியப் பறவைகளைப் பொறுத்தவரை அப்பணியைத் தம் வாழ்நாள் முழுதும் செய்தவர் சாலிம் அலி. பறவைகளை நேசித்தவர் என்றே அவரைப் பலரும் போற்றுவர். அந்நேசம் கணக்காகவும் குறிப்பாகவும் உருப்பெற்றதே அவருடைய தனிச்சிறப்பு என்பது என் கருத்து. அந்நோக்கில் அவர் வாழ்வை இங்கே காண முற்படுகிறேன்.

இளமை

சாலிம் மொய்சுதீன் அப்துல் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். பெரிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. ஓராண்டு நிறையும் முன்னோ பின்னோ தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயையும் இழந்தார். பிள்ளைப் பேறில்லாத தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜியும் அவர் துணைவியார் அமீதா பேகமும் அவரை வளர்த்தனர். மாமன் வேட்டையில் நாட்டமுடையவர். சிறுவன் கையிலும் விளையாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது.

ஒருநாள் அத்துப்பாக்கியால் அவர் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். வீட்டுக் குருவியைப் போலிருந்த அதன் தொண்டையில் மட்டும் மஞ்சள் தீற்றல் காணப்பட்டது. அது என்ன குருவி என்று மாமனுக்குத் தெரியவில்லை. 1883இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சிறுவனை அனுப்பி வைத்தார். அங்கே செயலராயிருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயர் அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு, பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பறவையின் காலிலும் ஒரு சீட்டு. அதில் பிடித்த இடம், நாள், பிடித்தவர் பெயர். பிற்காலத்தில் சாலிம் அலி தம் தன்வரலாற்று நூலுக்கு ஒரு குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பை இட்டது இந்நிகழ்ச்சியை எண்ணித்தான். அந்நூல் 1985இல் வெளிவந்தது.

கல்வி அவருக்கு நேர்வழியில் அமையவில்லை. கல்லூரிப் படிப்பை இடையில் விட்டு 1914இல் பர்மாவின் தவாய் பகுதிக்குச் சென்று, குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனித்தார். கவனித்தார் என்பதைவிட, அவற்றிடையே காட்டில் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே பொருந்தும். 1917இல் பம்பாய் திரும்பிய பின் தூய சவேரியார் கல்லூரியில் விலங்கியல் பயின்றார். 1918இல் தெகமினா பேகத்தை மணந்தார்.

பட்டம் இல்லாத அறிஞர்

இந்திய விலங்கியல் அளவைத் துறையில் பறவையியலாளர் பணிக்கு அவர் முயன்றபோது, பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அது கிட்டாமற் போயிற்று. முனைவர் பட்டங்களைப் பெயருக்கு முன்னே தாங்கி நிற்கும் என்னைப் போன்றோர் நின்று எண்ண வேண்டிய இடம் இது. 1926இல் பம்பாய் வேல்சு இளவரசர் அருங்காட்சியகத்தில் பார்வையாளருக்கு விளக்கமளிக்கும் பணி கிடைத்தது; திங்கள் ஊதியம் 350 ரூபாய். ஈராண்டில் அதில் சலிப்புற்று, விடுப்பெடுத்துச் செருமனி சென்றார். பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் சுட்ரேசுமான் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். அவரையே இறுதிவரை தம் ஆசானாகப் போற்றினார்.

1930இல் நாடு திரும்பியபோது, நிதிப் பற்றாக்குறையால் அவருடைய பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. வேலையற்ற அவர் துணைவியாருடன் பம்பாய்க்கு அருகே கிகிம் என்னும் கடலோரச் சிற்றூரில் குடியேறினார். அங்கே மரங்களில் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னிக்கொண்டிருந்தன. ஏணி ஒன்றைச் சார்த்தி, மறைவிடம் அமைத்து, நாள்தோறும் மணிக்கணக்கில் அவற்றைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண் குருவி வந்து ஆராய்ந்து ஏற்றால் மீதியை முடிக்கிறது. முட்டையிட்டு அது அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் வேறொரு கூட்டைக் கட்டத் தொடங்கி வேறொரு பெண்ணை எதிர்நோக்குகிறது. தூக்கணாங்குருவியைப் பாடாத கவிஞர் அரியர். எனினும் அதன் இல்லறத்தின் உண்மை முறை, வேலையிழந்த ஒருவரின் பொறுமையால்தான் உலகிற்குப் புலப்பட்டது.

நாடளந்த பயணங்கள்

அடுத்த இருபது ஆண்டுகளே அவர் வாழ்வின் நடுப்பகுதி. அந்நாளில் சமத்தானங்கள் பலவற்றில் என்னென்ன பறவைகள் வாழ்ந்தன என்பதற்கு முறையான பட்டியல் இல்லை. தமக்கு ஊதியம் வேண்டா, பயணச் செலவை ஏற்றுக்கொண்டால் போதும் என்று சாலிம் அலி முன்வந்தார். 1931இல் ஐதராபாத்து, 1933இல் திருவிதாங்கூரும் கொச்சியும், 1939-40இல் மைசூர் எனப் பயணங்கள் தொடர்ந்தன. மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் சென்று, கூடாரமடித்துத் தங்கி, ஒவ்வொரு பறவையும் எந்த உயரத்தில், எவ்வகைக் காட்டில், எப்பருவத்தில், எதனை உண்டு வாழ்கிறது என்று எழுதினார். நம் ஊரிலிருந்து மேற்கே சிறிது தொலைவு சென்றால் எட்டிவிடும் பழைய மைசூர் நிலத்தின் பறவைகள் இவ்வாறே ஏட்டில் ஏறின.

இப்பயணங்களில் துப்பாக்கியும் உடன் சென்றது. ஒளிப்படக் கருவி வளராத அக்காலத்தில், பறவையைக் கையில் வைத்துப் பார்த்தாலன்றி இனத்தை உறுதிசெய்ய இயலாது. ஆகவே அவர் சுட்டுச் சேர்த்த பறவைகள் மிகப் பல. பறவைக் காவலர் என்று நாம் கொண்டாடும் ஒருவர் கையில் இத்தனை பறவைகளின் குருதியா என்று மனம் திடுக்குறும். அவர் இதை மறைத்ததில்லை. இதற்காக வருந்துவதாகப் பாவனை செய்ததும் இல்லை. அத்துப்பாக்கிகளுக்கு இரையானவை பல நூறு, பல்லாயிரம். காடும் புல்வெளியும் ஏரியும் அழிந்ததால் மாண்டவற்றுக்கோ கணக்கில்லை.

அந்த இழுப்பறைகளின் பயனுக்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. 1948இல் மேகமலையில் ஆங்கசு அட்டன் என்பவர் பிடித்த ஒரு பழந்தின்னி வௌவால், வேறோர் இனமெனக் கருதப்பட்டுப் பம்பாய்க் கழகத்தில் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கிடந்தது. தாய்லாந்து அறிஞர் ஒருவர் அதை ஆராய்ந்து, உலகம் அறியாத புதிய இனமென்று கண்டு, 1972இல் அதற்குச் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய அந்த வௌவால் இன்று அருகிய இனமாக அறிவிக்கப்பட்டுள்ளது.

பயணங்களில் உடன்வந்து கூடார வாழ்வைப் பகிர்ந்துகொண்ட தெகமினா 1939இல் சிறிய அறுவை மருத்துவம் ஒன்றைத் தொடர்ந்து காலமானார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சாலிம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. தமக்கையின் இல்லத்தில் தங்கிப் பணியைத் தொடர்ந்தார். துயரைப் பற்றி மிகுதியாக எழுதும் இயல்பினரல்லர்; மறுமுறையும் பயணம் புறப்பட்டார் என்பதே அவர் துயரின் வரலாறு. 1941இல் அவருடைய இந்தியப் பறவைகள் நூல் வெளிவந்தது. எளிய மொழியில் வண்ணப் படங்களோடு அமைந்த அந்நூல், அதுவரை அதிகாரிகளின் பொழுதுபோக்காக இருந்த பறவை நோக்கலை ஆசிரியர், மாணவர், எழுத்தர் கைகளுக்குக் கொண்டு வந்தது. பின்னர் அமெரிக்க அறிஞர் தில்லன் ரிப்ளேயுடன் இணைந்து அவர் எழுதிய இந்திய, பாகிசுதான் பறவைக் கையேடு 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. இன்றும் ஆய்வாளர் முதலில் புரட்டுவது அதையே.

தேடியும் காணாதவை

இருப்பவற்றை எழுதியது போலவே, இல்லாதவற்றையும் அவர் தேடினார். 1876க்குப் பின் யாரும் காணாத இமயமலைக் காடையைத் தேடிக் காணாது திரும்பினார். ஒருமுறை தேடிக் காணாததால் ஓர் இனம் அழிந்தது என்று ஆகிவிடாது. பலமுறை, தக்க இடத்தில், தக்க பருவத்தில் தேடிக் காணாதபோதே அவ்வாறு சொல்லலாம். அந்தக் காடை இன்றும் அழிந்ததெனத் தீர்மானிக்கப்படாமல், மிக அருகிய இனம் என்றே பட்டியலில் நிற்கிறது.

பொய்க்கணக்கின் கேட்டிற்கும் சாலிம் அலியின் வட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. 1937இல் அவர் ஆப்கானித்தானத்திற்கு மைனர்ட்சகன் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவருடன் சென்றார். அந்நாளில் பறவையியலில் பெரும்புகழ் பெற்றிருந்தவர் அவர். அவர் இறந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரே, அருங்காட்சியகத்திலிருந்து பிறர் சேர்த்த பறவைகளைத் திருடிப் பொய்யான இடத்தையும் நாளையும் எழுதி வைத்தவர் என்பது அம்பலமாயிற்று. நடு இந்தியாவின் காட்டுச் சிற்றாந்தை ஒன்றை 1914இல் குசராத்தில் பிடித்ததாக அவர் எழுதியதும் அத்தகைய பொய்யே. அப்பறவை உண்மையில் 1884இல் வேறொருவர் பிடித்தது. அக்குறிப்பை நம்பியவர்கள் ஆந்தையைப் பிழையான இடத்தில் தேடினர். மெய்யான பழைய சீட்டுகளைப் பின்பற்றிச் சென்றவர்கள் 1997இல் மகாராட்டிரத்தில் அந்த ஆந்தையை உயிரோடு கண்டனர். ஒரு பொய்ச் சீட்டு, வாழும் ஓர் உயிரினத்தையே நம் கண்ணிலிருந்து மறைத்துவிட வல்லது.

இதற்கு மாறான மகிழ்ச்சி ஒன்று சாலிம் அலியின் இறுதிக்காலத்தில் வாய்த்தது. ஆந்திரத்துப் புதர்க்காடுகளில் இரவில் நடமாடும் ஒரு பறவை 1900க்குப் பின் காணப்படாமல், அழிந்ததென்றே கருதப்பட்டு வந்தது. சென்ற நூற்றாண்டிற்கு முந்தைய நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் மருத்துவராயிருந்த செர்டன் என்பவரின் பெயரால் அது வழங்கப்படுகிறது. 1986 சனவரியில், பம்பாய்க் கழகத்தின் ஆய்வாளர், உள்ளூர் வேடர் ஒருவரின் துணையோடு கடப்பை மாவட்டத்தில் அதை மீண்டும் கண்டறிந்தார். நூல்கள் அழிந்ததென்று எழுதிய பறவைக்கு அவ்வூர் மக்களிடம் கலிவி கோடி என்ற பெயர் வழங்கிவந்தது. களாச் செடிகளின் இடையே வாழும் கோழி என்பது பொருள். தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் நம் ஊராருக்கு இச்செய்தியின் சுவை எளிதில் புலப்படும். அப்பறவையின் வாழிடத்தைக் காக்கத் தெலுங்கு கங்கைக் கால்வாயின் வழியே மாற்றப்பட்டது.

கானமயிலும் தரிசு நிலமும்

கானமயில் என்ற சொல்லை மூதுரை வழியே நாம் சிறுவயதிலேயே அறிவோம். அங்கு அது காட்டில் வாழும் மயிலைக் குறிப்பதாக உரைகாரர் கொள்வர். இன்றைய பறவை நூல்களில் அப்பெயர் வேறொரு பறவைக்கு உரியது. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் நின்று, பறக்கும் பறவைகளுள் மிக்க எடையுடையவற்றுள் ஒன்றாக விளங்கும் புல்வெளிப் பறவை அது. ஒரு காலத்தில் தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல பகுதிகளில் வாழ்ந்தது. நாட்டுப் பறவையைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு எழுந்தபோது சாலிம் அலி கானமயிலையே பரிந்துரைத்தார். மயிலுக்குக் காவல் தேவையில்லை. அது தெய்வத்தின் ஊர்தியாக மக்களால் போற்றப்படுகிறது. கானமயிலுக்கோ நாட்டின் கவனம் உடனே தேவைப்பட்டது. எனினும் 1963இல் மயிலே தேர்வு பெற்றது.

1969இல் கானமயில்கள் ஏறத்தாழ 1,260 இருந்தனவென்று மதிப்பிடப்பட்டது. இன்று 150க்கும் குறைவு என்பர், பெரும்பாலானவை இராசத்தானத்தில். பெட்டை பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையை வெறுந்தரையில் இடும். வருவாய்த்துறை ஏடுகளில் அதன் புல்வெளி தரிசு என்று எழுதப்பட்டது. தரிசு என்று எழுதப்பட்ட நிலம் உழவுக்கும் ஆலைக்கும் எளிதில் போய்விடும். எஞ்சிய நிலத்தின் மேல் ஓடும் உயரழுத்த மின்கம்பிகளில் மோதி இறப்பவையும் பல.

கோடியக்கரையும் பரத்பூரும்

1957இல் கருநாடகத்தின் சிமோகாக் காடுகளில் குரங்குகள் மடிந்தன. மக்களையும் காய்ச்சல் தாக்கியது. அந்நோயின் நுண்கிருமி, வடபுலத்திலிருந்து வலசை வரும் பறவைகளின் உண்ணிகளால் வந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. அதை ஆராய உலகச் சுகாதார நிறுவனம் உதவியது. இவ்வாய்ப்பைப் பற்றிக்கொண்டு சாலிம் அலி பறவைகளுக்கு வளையமிடும் பணியை நாடெங்கும் விரிவாக்கினார். நம் கோடியக்கரை அதன் முதன்மை நிலையங்களுள் ஒன்றாயிற்று. காலில் எண் பொறித்த மெல்லிய உலோக வளையத்தோடு விடுவிக்கப்படும் பறவை, வேறொரு நாட்டில் பிடிபட்டால் அதன் வழி தெரியும். எத்தனை ஆண்டு வாழ்ந்தது என்பதும் தெரியும்.

இராசத்தானத்துப் பரத்பூரின் நீர்நிலையை வடித்து வயலாக்கும் கோரிக்கையிலிருந்து அதைக் காத்ததில் அவருக்குப் பெரும்பங்குண்டு. அங்கேயே ஒரு பாடமும் உண்டு. 1982இல் அங்கு எருமைகள் மேய்வது தடுக்கப்பட்டது. அத்தடையை ஆதரித்தோருள் சாலிம் அலியும் ஒருவர். எதிர்த்த ஊரார் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அவருடைய கழகமே அங்குப் பத்தாண்டு நடத்திய ஆய்வோ, மேய்ச்சல் நின்றதால் நீரில் புல் மண்டிப் பறவைகளின் இரை குறைந்ததென்றும் எருமை அந்நீர்நிலைக்கு வேண்டிய உயிரே என்றும் கண்டது. தலைவரின் கருத்துக்கு மாறாகக் கணக்கு காட்டியதை அவர் மாணவர்கள் மறைக்காது எழுதினர். ஆசானுக்கு இதனினும் உயர்ந்த காணிக்கை இல்லை. போன உயிர்கள் மட்டும் மீளவில்லை.

பத்மபூசண் 1958இலும் பத்மவிபூசண் 1976இலும் அவருக்கு வழங்கப்பெற்றன. 1985இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1987இல் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். அவர் பெயரால் 1990இல் கோவையில் பறவையியல், இயற்கை ஆய்வு மையம் நிறுவப்பட்டது.

விட்டுச்சென்ற கணக்கு

ஓர் இனத்தின் அழிவாய்ப்பை எண்களால் அளக்கும் முறையைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1994இல் வகுத்தது. முதிர்ந்த பறவைகள் 50க்கும் குறைந்தால் மிக அருகிய இனம். 250க்கும் குறைந்தால் அருகிய இனம். 1,000க்கும் குறைந்தால் அழிவாய்ப்பு இனம். எண்ணிக்கை மிகுந்திருந்தாலும், பத்தாண்டில் அல்லது மூன்று தலைமுறையில், இவற்றுள் நீண்டது எதுவோ அக்காலத்தில், 80 விழுக்காடு சரிந்தால் அதுவும் மிக அருகிய இனமே. பரப்பின் சுருக்கமும் கணக்கில் கொள்ளப்படும். சரிவைக் காட்ட இரு எண்கள் வேண்டும்; ஒன்று இன்றையது, மற்றது நேற்றையது.

நம் புறப்பாடல்களின் போர்க்களங்களில் வட்டமிடும் பாறுக் கழுகின் கதை இதற்குச் சான்று. அவை எங்கும் மலிந்திருந்தமையால் யாரும் எண்ணவில்லை. பரத்பூரில் மட்டும் பம்பாய்க் கழகத்தார் 1980களில் அவற்றின் கூடுகளை எண்ணியிருந்தனர். 1990களின் பிற்பகுதியில் மீண்டும் எண்ணியபோதுதான் பேரழிவு தெரிய வந்தது. 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறுகள் இந்தியாவில் 99 விழுக்காட்டிற்கும் மேல் மறைந்தன. கால்நடைகளுக்குச் செலுத்திய டைக்ளோஃபினாக் என்னும் வலி நீக்கி மருந்து, இறந்த மாட்டின் ஊன் வழியே அவற்றின் சிறுநீரகத்தைச் சிதைத்ததே காரணம். 2006இல் கால்நடை மருத்துவத்தில் அது தடை செய்யப்பட்டது. பழைய எண் இல்லாதிருந்தால் இத்தடை இன்னும் பல்லாண்டு பிந்தியிருக்கும். எஞ்சிய பாறுகளும் தப்பியிரா.

2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்து, 178 இனங்கள் உடனடிக் கவனத்திற்கு உரியவை என்றது. அதற்கு அடிப்படை, முப்பதாயிரம் பறவை நோக்கர் தந்த மூன்று கோடிக் குறிப்புகள். அவர்களுள் பெரும்பாலோர் பறவையியலில் பட்டம் பெறாதவர். சாலிம் அலியைப் போல.

இனி நம் ஊருக்கு வருவோம். செர்டன் 1845இல் விவரித்த மஞ்சள் தொண்டைச் சின்னான் என்னும் பறவை, தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளிலும் அவற்றின் முட்புதர்களிலும் அன்றி உலகில் வேறெங்கும் இல்லை. சாம்பல் உடலும் மஞ்சள் தலையும் உடைய கூச்சமிக்க பறவை. நந்தி மலையில் அதைக் காண்போர் பலர். அழிவாய்ப்பு இனமென வகுக்கப்பட்டுள்ள அதன் பகை, பாறைகளை அறுத்தெடுக்கும் கல்குவாரிகள். சூளகிரி முதல் கிருட்டிணகிரி வரை நம்மைச் சூழ்ந்து நிற்பவையும் அத்தகைய குன்றுகளே. நம் மாவட்டத்தின் கருங்கல்லோ கடல் கடந்தும் விலைபோவது. தொழிற்பேட்டைகளால் நம் பிள்ளைகள் பலர் வாழ்வு பெற்றிருக்கின்றனர் என்பதை மறுத்துப் பேசுவது எளிதன்று. மறுக்க நான் விரும்பவும் இல்லை. ஆனால் ஒரு குன்று அறுபடும் முன் அதன்மேல் எவை வாழ்ந்தன என்று யாரேனும் எழுதியிருக்கிறார்களா? எழுதாத குன்று மறைந்தால், அதனோடு மறைந்தது எது என்று கேட்கவும் நமக்குச் சொல் இராது.

பத்தாண்டுகளாக நம் வட்டத்தில் நாம் ஏரியையும் குன்றையும் குருவியையும் பாடி வருகிறோம். அடுத்த பத்தாண்டில் கவிதைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் நாள், இடம், பறவையின் பெயர், எண்ணிக்கை என்னும் நான்கு பத்திகளையும் வரைந்துகொள்வோம். பெயர் தெரியாத இடத்தில் தெரியவில்லை என்றே எழுதுவோம். பின்னொரு நாள் இவ்வூரில் தமிழ் கற்கும் மாணவி ஒருத்தி, நம் பாடலில் வரும் பறவை எதுவென்று கேட்டால், அன்றிலைப் பற்றி இன்று நாம் தடுமாறுவது போல் அவள் ஆசிரியர் தடுமாற நேராது.